வண்டியில் ஏறிய ஓடங்கள்: தங்கனீக்கா ஏரிப் பயணம் (1915)

ஓடம் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டி ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்பது நம் பழமொழி. வாழ்வின் ஏற்ற இறக்கத்தைக் குறிக்கும் இந்தச் சொல், முதலாம் உலகப் போரின்போது ஆப்பிரிக்காவில் எழுத்துக்கு எழுத்து உண்மையானது. மிமி, டூடூ என்னும் இரண்டு பிரித்தானிய விசைப்படகுகள் சக்கரங்களின் மேல் ஏறி, காட்டையும் மலையையும் கடந்து தங்கனீக்கா ஏரியைச் சென்றடைந்தன.

பின்னணி

தங்கனீக்கா ஏறத்தாழ 670 கி.மீ. நீளமுள்ள ஏரி. அன்று அதன் கிழக்குக் கரை ஜெர்மனியிடமும் மேற்குக் கரை பெல்ஜியத்திடமும் இருந்தன. ஏரியில் ஓடிய போர்ப்படகுகள் ஜெர்மானியருடையவை. எனவே அவர்கள் விரும்பிய இடத்தில் படைகளை இறக்க முடிந்தது. இதை மாற்ற விரைவுப் படகுகளைக் கொண்டுசெல்லலாம் என்று ஜான் லீ என்ற வேட்டைக்காரர் 1915 ஏப்ரலில் பிரித்தானியக் கடற்படைத் தலைமையிடம் யோசனை கூறினார்.

ஜெர்மானியர் தங்கள் பெரிய கப்பலான கிராஃப் ஃபான் கோட்சனைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பெட்டிகளில் கொண்டுவந்து ஏரிக்கரையில் பூட்டினர். பிரித்தானியருக்கு அதற்கு நேரமில்லை. கரையில் வைத்துப் பூட்டினால் பகைவர் தாக்கக்கூடும். ஆகவே 40 அடி நீளமுள்ள படகுகளை முழுதாகவே இழுத்துச் செல்வது என்று முடிவாயிற்று. பொறுப்பு ஜெஃப்ரி ஸ்பைசர்-சிம்சன் என்ற கடற்படை அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது.

தொட்டிலும் சக்கரமும்

நீரில் மிதக்கும் படகை நீர் எல்லாப் பக்கமும் சீராகத் தாங்குகிறது. அதே படகை இரண்டு கட்டைகளின் மேல் வைத்தால் எடை முழுவதும் அவ்விரு இடங்களில் இறங்கும். மெல்லிய மரப்பலகை விரிசல் விடும். ஆகவே படகின் அடிவளைவுக்குப் பொருந்தும் தொட்டில் போன்ற சட்டம் செய்து, அதைச் சக்கரங்களின் மேல் ஏற்றினர். இன்று படகு இழுக்கும் டிரெய்லர்களிலும் அடிப்படை இதுவே.

வழிப்பயணம்

ஜூன் 15 அன்று இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட படகுகள் கேப் டவுனில் இறங்கி, ரயிலில் வடக்கே சென்று, ஆகஸ்ட் 5 அன்று பெல்ஜிய காங்கோவின் ஃபுங்குருமேயை அடைந்தன. அங்கிருந்து சங்கிசியா ரயில் நிலையம் வரை 235 கி.மீ. தொலைவுக்குக் காட்டுவழிதான். ஆப்பிரிக்கத் தொழிலாளர் மரங்களை வெட்டிப் பாதை அமைத்தனர். ஓடைகளின் மேல் 150க்கும் மேற்பட்ட பாலங்கள் கட்டினர். நீராவி இழுவை எந்திரங்கள் படகுகளை இழுத்தன. அவை திணறிய இடத்தில் மாடுகளைப் பூட்டினர். எந்திரங்களின் கொதிகலனுக்குத் தண்ணீர் கிடைக்காதபோது உள்ளூர்ப் பெண்கள் தொலைவிலிருந்து தலையில் சுமந்து வந்தனர். மிதும்பா மலையில் ஏறி இறங்கி, செப்டம்பர் 28 அன்று சங்கிசியாவை அடைந்தனர்.

அடுத்து புகாமாவிலிருந்து லுவாலபா ஆற்றில் பயணம். கோடையில் வற்றிய ஆற்றில் படகு மணல் தட்டியது. படகுகளின் அடியில் பீப்பாய்களைக் கட்டி, சற்று உயர்ந்து மிதக்கச் செய்தனர். தரைக்குத் தொட்டில், ஆழமற்ற நீருக்குப் பீப்பாய் என்று வழிக்கேற்ப உபாயம் மாறியது. கபாலோவில் மீண்டும் ரயில் ஏறி, அக்டோபர் இறுதியில் ஏரிக்கரையை அடைந்தனர்.

விளைவு

டிசம்பர் 26 அன்று இப்படகுகள் கிங்கானி என்ற ஜெர்மானியப் படகைக் கைப்பற்றின. 1916 பிப்ரவரி 9 அன்று ஹெட்விக் ஃபான் விஸ்மான் மூழ்கடிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் கிராஃப் ஃபான் கோட்சனை ஜெர்மானியரே மூழ்கடித்துவிட்டுப் பின்வாங்கினர். 1924இல் மீட்கப்பட்ட அக்கப்பல், 1927 முதல் லியெம்பா என்ற பெயரில் பயணிகளை ஏற்றிச் சென்றது.

படகுகளின் பெயர்கள் வரலாற்றில் நிற்கின்றன. அதிகாரியின் பெயரும் நிற்கிறது. பாலம் கட்டியவர்கள், தண்ணீர் சுமந்த பெண்கள் ஆகியோரின் பெயர்களை நாம் அறியோம். ஓடத்தை வண்டியில் ஏற்றியது பொறியாளரின் அறிவு. அந்த வண்டியை மலை ஏற்றியது அவர்களின் உழைப்பு. மாணவர்களுக்கு இந்நிகழ்வைச் சொல்லும்போது இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.