இசைத்தட்டில் இல்லாத பெயர்கள்

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது 1931ஆம் ஆண்டில். முதல் தமிழ்ப் பேசும்படம் எனப்படும் 'காளிதாஸ்' வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். அந்த இரயில் பாதையில் உள்ள கோடம்பாக்கம் பின்னர்ப் படத்தொழிலின் தலைநகராயிற்று. அங்கே பிறந்த பாட்டுகளை நாம் அறிவோம். அவற்றை ஆக்கியவர் அனைவரையும் அறிவோமா?

தொடக்கத்தில் நடிகரே பாடினர். ஆதலின் பாடியவர் யார் என்ற ஐயம் எழவில்லை. 1938இல் ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரின் 'நந்தகுமார்' படத்தில் லலிதா வெங்கட்ராமன் நடிகைக்காகப் பின்னணி பாடினார். 1945இல் 'ஸ்ரீ வள்ளி'யில் குமாரி ருக்மணிக்குப் பி. ஏ. பெரியநாயகி குரல் தந்தார். முகம் ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது என்றாயிற்று. குரலுக்குரியவரின் பெயரைத் தனியே பொறிக்கும் கடமையோ மெல்லவே உணரப்பட்டது. 1949இல் வந்த 'மஹல்' என்னும் இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டுக்கு, இசைத்தட்டில் லதா மங்கேஷ்கரின் பெயர் இல்லை. கதைமாந்தரின் பெயரே இருந்தது. வானொலியில் கேட்டோர், பாடியவர் யார் எனக் கடிதம் எழுதி வினவினர்.

பெயர் இருந்தாலும் ஐயம் தீர்வதில்லை. 1952 முதல் 1965 வரை விசுவநாதன், ராமமூர்த்தி இருவரும் ஒரே பெயராய் விளங்கினர். எந்த மெட்டு எவருடையது என்பதை அவ்விணைப்பெயர் கூறாது. அவர்களுக்குப் பின்னிருந்து வாசித்த வாத்தியக் கலைஞர்களுக்கோ இசைத்தட்டில் இடமே இல்லை. எம். பி. சீனிவாசன் முன்னின்று திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைத்து உழைத்ததன் அருமை இதனால் விளங்கும்.

இது வெறும் பெயராசை அன்று, உரிமையைப் பற்றியது. இங்கிலாந்தில் 1967இல் வெளிவந்த ஒரு ராக் பாட்டின் ஆர்கன் இசையை அமைத்த மாத்யூ ஃபிஷர், நெடுநாள் கழித்து வழக்குத் தொடுத்தார். 2009இல் பிரபுக்கள் சபை அவரையும் ஆக்கியோருள் ஒருவராக ஏற்றது. நம் நாட்டில் 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் கலைஞர்க்குப் புதிய உரிமைகளை அளித்தது. ஆயினும், திரைப்படத்தில் சிறு பங்கே ஏற்று, தொழில் வழக்கப்படி பெயர்ப்பட்டியலில் குறிக்கப்படாதவர், தம் கலையைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமை நீங்கலாகப் பிறவற்றைப் பெறார். பெயரின்மை உரிமையின்மையாகவும் ஆகக்கூடும் என்பதை இது காட்டுகின்றது.

மாணவ நண்பர்களே! கல்வெட்டை ஆராய்வோர் ஒரே சான்றை நம்பி முடிவு கட்டுவதில்லை. பழம்பாட்டை ஆராய்வோரும் இசைத்தட்டு, படத்தின் பெயர்ப்பட்டியல், அந்நாளில் விற்ற பாட்டுப் புத்தகம், உடன் வாசித்தோர் கூற்று ஆகியவற்றை ஒப்புநோக்க வேண்டும். அவை முரண்பட்டால் முரணையும் எழுதி வைத்தல் வேண்டும். உங்கள் ஊரில் முதிய வாத்தியக் கலைஞர் எவரேனும் இருப்பின், அவர் எந்தப் பாட்டில் எதை வாசித்தார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நாளைய வரலாற்றாசிரியனுக்கு அக்குறிப்பே சான்றாகும்.