கடும்பயிற்சியும் கடுஞ்சொல்லும்: ஜப்பானியக் கைப்பந்து வரலாறு காட்டும் உண்மை

“அடியாத மாடு படியாது” என்பது நாட்டுப்புறப் பழமொழி. பிரம்பைக் கையிலெடுத்த ஆசிரியரும் ஊதலுடன் திடலில் நின்ற பயிற்றுநரும் காலங்காலமாகத் தமக்குத் துணையாக அழைத்து வந்த மொழி இது. கடுமை காட்டினாலன்றி ஒருவரிடம் உறங்கும் திறன் முழுவதும் வெளிவராது என்பது ஒரு சாரார் கொள்கை. கடுமை அச்சத்தை வளர்க்குமேயன்றித் திறனை வளர்க்காது என்பது மறு சாரார் கொள்கை. இரு சாராரும் தத்தம் பட்டறிவையே சான்றாகக் காட்டுவதால் இவ்வழக்கு முடிவுறாமலே நிற்கிறது. வரலாற்றைச் சாட்சிக்கு அழைத்தால் ஓரளவு தெளிவு பிறக்கும். அதற்கு மிகவும் ஏற்றது ஜப்பானிய மகளிர் கைப்பந்துக் குழுவின் வரலாறு. கடுமையால் விளைந்த பெரும் வெற்றியையும், அக்கடுமையைப் பார்த்துப் பின்பற்றியோரால் விளைந்த கேட்டையும் ஒருங்கே காட்டுவது அது.

நூற்பாலையில் பிறந்த குழு

ஓசாகா மாநிலத்தைச் சேர்ந்த கைசுகா நகரில் நிச்சிபோ நிறுவனத்தின் நூற்பாலை ஒன்று இருந்தது. 1950ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் அந்நிறுவனம் தன் பெண் ஊழியரைக் கொண்டு கைப்பந்துக் குழு ஒன்றை அங்கு அமைத்தது. அக்குழுவுக்குப் பயிற்றுநராக அமர்ந்தவர் ஹிரோபுமி டைமட்சு. 1921இல் ககாவா மாநிலத்தில் பிறந்த இவர், மாணவப் பருவத்திலேயே கைப்பந்து பயின்றவர். இரண்டாம் உலகப்போரில் படையதிகாரியாகப் பர்மா முனைக்குச் சென்று, 1944இல் இம்பால் போரின் பேரழிவிலிருந்து உயிர் தப்பியவர். அப்போர்முனையில் ஜப்பானியருடன் இந்தியத் தேசிய இராணுவமும் நின்றது. அவ்விராணுவத்தில் மலாயாத் தமிழர் பலர் சேர்ந்திருந்தமை வாசகர் அறிந்ததே. பசியும் நோயும் மாண்டோர் குவியலும் கண்டு மீண்ட ஒருவர், மனித உடல் தாங்கக்கூடியது இவ்வளவுதான் என்று பிறர் வகுத்த எல்லையை எளிதில் ஏற்காமற் போனதில் வியப்பில்லை.

குழுவினர் பகலெல்லாம் ஆலையின் அலுவலகத்தில் வேலை செய்தனர். பிற்பகல் நான்கு மணிக்குமேல் பயிற்சி தொடங்கும். அது நள்ளிரவு வரை நீளும்; சில நாள்களில் நள்ளிரவையும் கடக்கும். டைமட்சு மேடைமேல் நின்று பந்துகளை இடைவிடாமல் வீசுவார். வீராங்கனை பாய்ந்து, விழுந்து, எடுத்து, எழுந்து, மீண்டும் பாய்தல் வேண்டும். சோர்ந்து கிடந்தவர்மேல் பந்தும் விழுந்தது, ஏச்சும் விழுந்தது. காயம்பட்டவரும் ஆடினர். ஜப்பானிய மக்களே அவருக்கு இட்ட பெயர் “அரக்கன் டைமட்சு” என்பதாகும். 1964 மார்ச்சில் அமெரிக்காவின் ‘ஸ்போர்ட்ஸ் இலஸ்டிரேட்டட்’ வார இதழ், இப்பயிற்சி மனித மாண்பின் எல்லையைக் கடந்தது என்னும் கருத்துப்படக் கட்டுரை வெளியிட்டது.

உலகை வென்ற வித்தை

ஜப்பானில் நெடுங்காலம் வழங்கியது ஒன்பதின்மர் ஆடும் கைப்பந்து. உலகப் போட்டியிலோ ஆட்டம் அறுவருக்கு உரியது. ஆளுக்குரிய பரப்பு பெரிது. எதிரே நிற்கும் சோவியத்துப் பெண்கள் உயரமும் வலிமையும் மிக்கவர். 1960இல் பிரேசிலில் நடந்த உலகப் போட்டியில் ஜப்பான் சோவியத்துக்கு அடுத்த இடத்தையே பெற்றது. உயரத்தைப் பயிற்சியால் கூட்ட இயலாது. தரையைத் தொடும் முன் பந்தை எடுக்கும் ஆற்றலைக் கூட்ட இயலும். இங்குதான் டைமட்சுவின் அறிவு வேலை செய்தது.

அவர் வகுத்தது ‘உருண்டெடுத்தல்’ என்னும் முறை. எட்டாத பந்தை நோக்கிப் பாய்பவர் கையால் அதனை மேலெழுப்பி, தோளைத் தரையில் சாய்த்து, பந்துபோல் உருண்டு, அவ்வேகத்திலேயே எழுந்து நிற்பார். எப்பக்கம் சாய்த்தாலும் நிமிர்ந்துவிடும் பொம்மையே அவருக்கு இக்கருத்தைத் தந்தது என்பர். தஞ்சாவூர்ப் பொம்மையை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. சாதாரணமாகப் பாய்ந்து விழுபவர் எழுவதற்குள் அடுத்த பந்து வந்துவிடும். உருண்டு எழுபவர் அதற்குள் தம்மிடம் சேர்ந்துவிடுவார். இன்னொன்று, ஆட்டத்தைத் தொடங்கும் அடி. பந்து சுழலாது சென்று, உதிரும் இலைபோல் அலைந்து இறங்குமாறு அதனை அடிக்கப் பழகினர்.

உருண்டெடுத்தலைச் சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம் போதும். ஆயின், கடுந்தரையில் தோளை மோத அஞ்சும் உடலின் இயல்பை மாற்ற ஓராண்டும் போதாது. எண்ணிப் பார்த்து விழுபவர் காலந்தாழ்ந்தே விழுவார். எண்ணாமலே உடல் உருளும் நிலை, பல்லாயிரம் முறை செய்த பின்னரே வாய்க்கும். நள்ளிரவுப் பயிற்சியின் உட்பொருள் இதுவே. அங்கு ஏச்சு இருந்ததும் உண்மை. ஆயினும் சோவியத்துக் குழுவை வீழ்த்திய கருவி ஏச்சு அன்று, இந்த வித்தையே.

1961இல் ஐரோப்பா சென்ற இக்குழு இருபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் தோல்வியின்றி வென்றது. “கீழ்த்திசைச் சூனியக்காரிகள்” என்னும் பெயர் அங்கிருந்து பரவியது. 1962இல் மாஸ்கோவிலேயே சோவியத்துக் குழுவை வென்று உலக வெற்றியாளராகத் திகழ்ந்தது.

அவர்கள் எடுத்த முடிவு

வரலாற்றில் பலர் கவனியாது விட்ட திருப்பம் இவ்விடத்தில்தான் உள்ளது. உலகப் பட்டம் பெற்றதும் ஓய்வு பெறுவதென்றே குழுவினர் எண்ணியிருந்தனர். தலைவி மசாயே கசாய் 1933இல் பிறந்தவர், முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். பெண்கள் இருபதுகளின் தொடக்கத்தில் மணம் புரிவதே அந்நாளைய ஜப்பானிய வழக்கம். இந்நிலையில் 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் கைப்பந்து முதன்முறையாக இடம்பெறவிருந்தது. ஓய்வு பெறாதீர்கள் என மக்களிடமிருந்து மடல்கள் குவிந்தன. 1963 புத்தாண்டையொட்டி, வீராங்கனைகள் தொடர்வதென்று முடிவு செய்தனர். என்ன வரவிருக்கிறது என்பதை எள்ளளவும் ஐயமின்றி அறிந்தவர்கள் எடுத்த முடிவு அது.

அம்முடிவு முழு உரிமையோடு எடுக்கப்பட்டதா என்று வினவலாம். ஊதியம் தரும் நிறுவனமும் எதிர்பார்த்து நிற்கும் நாடும் ஒருவர் தோளில் ஏற்றும் சுமை சிறிதன்று. அவ்வினா நேரியதே. எனினும், பருவம் எய்திய பெண்கள், தம் நிலையை அறிந்து, ஈராண்டுக்கு இசைந்தனர் என்பதும் மறுக்கவொண்ணாதது. பத்து வயதுச் சிறுவனையோ, பயிற்றுநரின் சொல்லை மீற வழியற்ற பள்ளி மாணவனையோ இவர்களோடு ஒப்பிடல் ஆகாது.

டைமட்சுவும் சுமையில் பங்கு கொண்டார். நாற்காலியில் அமர்ந்து ஆணையிட்டவர் அல்லர் அவர். குழுவினரைப் போலவே பகலில் ஆலையில் பணியாற்றி, இரவெல்லாம் அவர்களுக்குப் பந்து வீசினார். 1963இல் வெளிவந்து பெருவாரியாக விற்பனையான அவரது நூலின் பெயரே “என் பின்னே வாருங்கள்” என்பது. முன்னே செல்லாதவன் அவ்வாறு சொல்ல இயலாது.

1964 அக்டோபர் 23ஆம் நாள் இறுதி வெற்றி கிட்டியது. சோவியத்துக் குழுவை 15-11, 15-8, 15-13 என்ற கணக்கில் ஜப்பான் வென்றது. போட்டி முழுவதிலும் அது இழந்தது ஒரே ஒரு செட், அதுவும் போலந்திடம். அன்றைய ஒளிபரப்பைக் கந்தோ வட்டாரத்தில் நூற்றுக்கு 66.8 விழுக்காட்டு வீடுகளில் கண்டனர். பெண்கள் கட்டித் தழுவி அழுதபோது, டைமட்சு ஒதுங்கி, முகத்தில் எவ்வுணர்ச்சியும் காட்டாது தனித்திருந்தார்.

உமியை எடுத்துக்கொண்டோர்

இவ்வெற்றிக்குப்பின் ‘கொஞ்சோ’ என்னும் சொல் ஜப்பானெங்கும் ஒலித்தது. மனவுரம், எதற்கும் தளராத நெஞ்சுறுதி என்பது அதன் பொருள். படக்கதைகளும் தொலைக்காட்சித் தொடர்களும் அதனைப் போற்றின. பள்ளித் திடல்களில் பயிற்றுநர் பலர் டைமட்சுவாக விரும்பினர். ஆயின் அவர்கள் எடுத்துக்கொண்டது எதனை? புதிய வித்தையை ஆராய்ந்து வகுப்பது அரிது, ஏசுவது எளிது. மாணவருடன் நள்ளிரவு வரை உழைப்பது அரிது. கன்னத்தில் அறைவது எளிது. பயிற்சியின்போது தண்ணீர் குடிப்பது கோழைத்தனம் என்னும் மூடக் கொள்கைகூட நெடுங்காலம் அங்கே வேரூன்றி நின்றது. அரிசியை விட்டு உமியை அள்ளிய கதை இது.

இத்தனைக்கும் 1947ஆம் ஆண்டின் பள்ளிக் கல்விச் சட்டம், தன் பதினோராம் பிரிவிலேயே மாணவரை அடித்தலைத் தடை செய்துள்ளது. சட்டம் ஏட்டில் இருந்தது. அடி திடலில் இருந்தது. 2012 டிசம்பரில் ஓசாகாவின் உயர்நிலைப் பள்ளி ஒன்றில், கூடைப்பந்துக் குழுவின் தலைவனாகிய 17 வயது மாணவன், பயிற்றுநரால் பலமுறை அடிக்கப்பட்டபின் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அப்பயிற்றுநரை 2013இல் நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்த்தது. அதே காலத்தில், தேசிய மகளிர் ஜூடோக் குழுவைச் சேர்ந்த 15 பேர், பயிற்றுநர் தம்மை அடித்ததாக முறையிட்ட செய்தி 2013 ஜனவரியில் வெளிவந்தது. அவர் பதவி விலகினார். 2013 ஏப்ரலில் ஜப்பானிய விளையாட்டு அமைப்புகள் ஒன்றுகூடி, விளையாட்டிலிருந்து வன்முறையை அறவே ஒழிப்பதாக அறிவித்தன.

அடியினால் வெற்றியாவது விளைந்ததா? 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் ஜப்பானிய மகளிர் ஜூடோக் குழு பெற்றது ஒரே ஒரு தங்கம். ஆடவர் குழுவோ ஒரு தங்கமும் பெறவில்லை. ஜூடோவின் தாயகத்துக்கு அது பெருந்தலைகுனிவு. அதன்பின் ஆடவர் குழுவின் பொறுப்பை ஏற்றவர் கோசெய் இனோவே. அவர் ஏசும் வழக்கத்தை விடுத்து, வீரர் தாமே சிந்தித்துத் தம் பயிற்சியை வகுக்கப் பழக்கினார். அறிவியல் முறைகளைத் துணைக்கொண்டார். பயிற்சி இலேசாகிவிடவில்லை. 2016 ரியோவில் ஆடவரின் ஏழு எடைப்பிரிவிலும் பதக்கம் கிட்டியது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அவ்வேழில் ஐந்து தங்கமாயின. உழைப்பின் கடுமை குறையாமலே சொல்லின் கடுமையைக் குறைக்க முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கைப்பந்துத் துறையிலும் திருத்தம் பிறந்தது. 1980ஆம் ஆண்டுகளில் தேசியக் குழுவில் புகழ்பெற்ற நவோமி மசுகோ, தாம் இளமையில் பெற்ற ஏச்சும் அடியும் அவ்விளையாட்டின்மேலேயே தமக்கு வெறுப்பை ஊட்டின என்று வெளிப்படையாகக் கூறியவர். 2015இல் அவர் ஃபுகுவோகா மாநிலத்தில் தொடக்கப்பள்ளிச் சிறுவர்க்கெனக் கைப்பந்துப் போட்டி ஒன்றைத் தொடங்கினார். அதன் தனிச்சிறப்பான விதி, பயிற்றுநர் சினங்கொள்ளலாகாது என்பதே. நாட்டின் அணியில் இடம்பெறும் அளவுக்குத் திறன் வெளிப்பட்ட ஒருவரே இவ்வாறு கூறுவது கருதத்தக்கது. திறன் வெளிவந்தது, விருப்பம் செத்தது.

எஞ்சும் முடிவு

கடுமை சிறந்ததை வெளிக்கொணருமா என்னும் வினாவில் இரண்டு பொருள்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. நீண்ட, சலிப்பூட்டும், உடலை வருத்தும் உழைப்பு ஒன்று. ஏச்சும் இழிவுபடுத்தலும் அடியும் மற்றொன்று. முன்னது இன்றிச் சூனியக்காரிகளின் வெற்றி இல்லை. பின்னது அவ்வெற்றியோடு ஒட்டி வந்தமையால் அதன் காரணம்போல் தோற்றமளித்தது; தனித்து நின்றபோது அது வெற்றியைத் தரவில்லை, ஓர் இளைஞனின் உயிரைக் காக்கவுமில்லை.

டைமட்சு 1965இல் சூ என்லாயின் அழைப்பின்பேரில் சீனா சென்று பயிற்சியளித்தார், 1968இல் ஜப்பானிய மேலவை உறுப்பினரானார், 1978இல் மறைந்தார். கசாய் 2013இல் மறைந்தார். அவரது குழுவில் எஞ்சியிருந்த மூதாட்டியர் சிலர், 2021இல் வெளிவந்த பிரெஞ்சு ஆவணப்படம் ஒன்றில் தம் இளமை நாள்களை நினைவுகூர்ந்தனர். தாம் கடந்து வந்த பயிற்சியின் கடுமையை அவர்கள் மறைக்கவில்லை. அதனைத் தம் வாழ்வின் பெருமையாகவும் கருதினர். ஆகவே டைமட்சுவை வெறும் கொடியவர் என ஒதுக்குதல் வரலாற்றுக்கு நீதியாகாது. அவரை முன்மாதிரியாகக் கொண்டு ஒரு சிறுவனின் கன்னத்தில் அறைதலும் நீதியாகாது.

மாணவரிடம் மிகுதியாக எதிர்பார்க்கும் ஆசிரியர்க்கு அவ்வெதிர்பார்ப்பைக் கைவிட வேண்டிய கட்டாயம் இல்லை. கற்பிக்கத்தக்க வித்தை தம்மிடம் உண்டா, மாணவனின் இசைவு அதற்கு உண்டா, அவன் சுமக்கும் சுமையில் தாம் பாதியேனும் சுமக்கின்றோமா என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கண்டபின் எத்துணைக் கடினமான பயிற்சியையும் அவர் வகுக்கலாம். அம்மூன்றும் உள்ள இடத்தில் பிரம்புக்கு வேலை இருக்காது.