மூஞ்சியப் பாத்தாலே தெரியுமா?

'ஆளப் பாரு, திருட்டு முழி'ன்னு சொல்றோம் இல்லையா? அதையே அறிவியல்னு சொன்னவர் இத்தாலி மருத்துவர் லொம்ப்ரோசோ. பெரிய தாடை, நீண்ட கை, விடைச்ச காது இருந்தா பிறவிக் குற்றவாளியாம்! 1876-ல் புத்தகமே போட்டார். கோர்ட்டுலயும் போய் இதைச் சாட்சியா சொன்னார். யாரோ ஒருத்தன் தலையெழுத்தைக் காது தீர்மானிச்சா எப்படிங்க?

இங்கிலாந்தில் சார்லஸ் கோரிங்னு ஒரு சிறை மருத்துவர். சுமார் 3000 கைதிகளை அளந்தார். கல்லூரி மாணவர்கள், ராணுவத்தினர்னு வெளியாட்களோட ஒப்பிட்டார். குற்றவாளிக்குன்னு தனி முகஜாடை எதுவும் கிடையாதுன்னு 1913-ல் எழுதினார்.

அதைப் படிக்க லொம்ப்ரோசோ இல்லை, 1909-லேயே போய்ட்டார். அவரோட எலும்புக்கூடு இன்னிக்கும் டூரின் நகரத்து அருங்காட்சியகத்தில் நிக்குது. அதைப் பாத்து அவர் நல்லவரா கெட்டவரான்னு சொல்லுங்க பாப்போம்!