தேநீர்த் தட்டின் கறுப்பு

பழைய ஆங்கில சைக்கிள் ஒன்றின் பிரேமை உப்புத்தாளால் தேய்க்க உட்காருகிறவருக்கு முதல் அரை மணி நேரம் வேலை சுளுவாகவே போகும். பின்னாளில் யாரோ தூரிகையால் அடித்த பச்சை பொடிப்பொடியாக உதிரும். அதன் கீழிருக்கும் சிவப்பும் பெரிதாக முரண்டு பிடிக்காது. மூன்றாவதாகக் கறுப்பு தென்படும்போதுதான் கை வலிக்கத் தொடங்கும். தாள் வழுக்கும், கறுப்பு மங்குமே தவிர, விடாது. தொழிற்சாலையில் ஏறிய முதல் பூச்சு அது. நூறு ஆண்டு மழையும் வெயிலும் அசைக்காததை ஒரு பிற்பகலில் அசைத்துவிட முடியாது.

இந்தக் கறுப்பு சைக்கிளுக்காகப் பிறந்ததல்ல. 17ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஐரோப்பாவுக்குப் போன பளபளக்கும் மரப்பெட்டிகள் அங்கே பெரும் மோகத்தைக் கிளப்பின. அவற்றின் மெருகு ஒரு மரத்தின் பாலிலிருந்து வருவது. அந்த மரம் இங்கிலாந்தில் கிடையாது. ஆகவே கிடைத்த பொருள்களைக் கொண்டு அதைப்போலச் செய்யப் பழகினார்கள். வேல்ஸின் பான்டிபூலிலும், இங்கிலாந்தின் பில்ஸ்டன், உல்வர்ஹாம்ப்டன், பர்மிங்காம் ஊர்களிலும் தேநீர்த் தட்டுகள்மேலும் தகரப் பெட்டிகள்மேலும் இந்தப் பூச்சு ஏறியது. தொழிலுக்கே ‘ஜப்பானிங்’ என்ற பெயர் நிலைத்தது.

நிலக்கீலை உருக்கி, ஆளிவிதை எண்ணெயில் கலந்து, டர்பன்டைன் விட்டு இளக்குவார்கள். மெல்லியதாக ஒரு பூச்சு. பிறகு சூட்டறையில் பல மணி நேரம். வெளியே எடுத்து நுரைக்கல் பொடியால் தேய்த்து, மறுபடி பூச்சு, மறுபடி சூடு. அந்தச் சூட்டில் எண்ணெய், காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து வலைபோல் பின்னிக்கொண்டு இறுகிவிடும். தூரிகையால் அடித்துக் காயவிட்ட பெயின்டுக்கும் இதற்கும் உள்ள தூரம், பச்சை மண்கட்டிக்கும் சூளையில் வெந்த செங்கல்லுக்கும் உள்ள தூரம்.

1840இல் பர்மிங்காமின் எல்கிங்டன் குடும்பம் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. வெள்ளி முலாம் மலிவானதும் கறுப்புத் தட்டின் மவுசு குறையத் தொடங்கியது. அந்தச் சரிவுக் காலத்தில் தொழில் கற்றவர் ஜான் மார்ஸ்டன். 1836இல் பிறந்த அவர், உல்வர்ஹாம்ப்டனில் எட்வர்ட் பெர்ரி என்ற ஜப்பானிங் முதலாளியிடம் பயிற்சி பெற்று, 1859இல் தனித் தொழில் தொடங்கினார். 1871இல் பெர்ரியின் நிறுவனத்தையே வாங்கிக்கொண்டார். கையில் நல்ல சூட்டறைகள், நல்ல கைகள். பூசுவதற்குப் புதிய பொருள்தான் வேண்டியிருந்தது.

1885இல் கோவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்த ரோவர் சைக்கிள் அந்தப் பொருளைக் கொடுத்தது. இரண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, பின்சக்கரத்துக்குச் செயின் என்று இன்றைய உருவத்துக்குச் சைக்கிள் வந்து சேர்ந்த நேரம் அது. அடுத்த இரண்டு ஆண்டில் மார்ஸ்டனும் சைக்கிள் செய்யத் தொடங்கினார். பூச்சின் கறுப்பில் சூரியன் மின்னியதைக் கண்ட அவர் மனைவி எலன்தான் ‘சன்பீம்’ என்று பெயர் வைத்தார் என்பது அந்த ஊரில் வழங்கும் கதை. கறுப்பின்மேல் தங்க ரேக்கில் கோடுகள், செயினை எண்ணெயில் ஓடவைக்கும் மூடிய பெட்டி என்று சன்பீம் விலையுயர்ந்த வண்டியாகவே இருந்தது. இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர் தன்னுடைய சன்பீமுக்கு, கிரேக்கர்களின் சூரியக் கடவுள் பெயரில், ‘மிஸ்டர் ஃபீபஸ்’ என்று செல்லப்பெயர் வைத்திருந்தார். தேநீர்த் தட்டுக்குக் காட்டிய பக்குவத்தை மண் ரோட்டில் ஓடும் வண்டிக்கும் காட்டினார் மார்ஸ்டன். இன்று பிரேமைத் தேய்ப்பவரின் தோள்வலிக்குக் காரணம் அந்தப் பக்குவம்தான்.

அந்த வழுக்கும் கறுப்பை வேரோடு எடுக்க வேறு தொழில்களிலிருந்து மூன்று வழிகள் வந்தன. முதலாவது மணல். 1870இல் அமெரிக்கரான பெஞ்சமின் டில்மன், நீராவியாலோ காற்றாலோ மணலை விசையோடு அடித்துக் கல்லையும் கண்ணாடியையும் செதுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். வார்ப்பிரும்புக்கு அது வரப்பிரசாதம். சைக்கிள் குழாய் அப்படியல்ல. 1897இல் ஆல்ஃப்ரெட் ரெனால்ட்ஸ் காப்புரிமை பெற்ற குழாய்கள் முனையில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருப்பவை. விசை மிகுந்தால் அந்த மெலிந்த இடமே பழுதாகும். மணல் தூசி நுரையீரலையும் அரித்தது. வார்ப்புகளைத் துப்புரவாக்கும் இந்த வேலைக்கு சிலிக்கா மணலைப் பயன்படுத்த 1949இல் பிரிட்டன் தடை போட்டது.

இரண்டாவது காஸ்டிக் சோடா. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சவுக்காரம் என்பது நம் பாட்டிமார் அறிந்த கணக்கு. சூடான காஸ்டிக் தொட்டியில் பிரேமை முக்கினால், அந்தக் கறுப்பை இறுக்கிப் பிடித்திருக்கும் ஆளிவிதை எண்ணெய்க்கு அதே கதி நேர்கிறது. பூச்சு சவுக்காரமாக இளகிக் கழன்று விழும். எஃகுக்கு ஒரு சேதமும் இல்லை. ஆனால் அலுமினியத்தை அதே தொட்டி தின்றுவிடும். தோலையும் கண்ணையும் அது விடாது.

மூன்றாவது, மெத்திலீன் குளோரைடு கலந்த களிம்பு. அதன் மூலக்கூறு மிகச் சிறியது. பெயின்டுக்குள் நுழைந்து அதை உப்பவைத்து, தோல் உரிவதுபோல் உரித்தெடுக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பட்டறைகளில் பரவிய இந்த வசதிக்கு விலை உயிர். மூச்சில் போனால் உடம்புக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறும். 1980 முதல் 2018 வரை அமெரிக்காவில் மட்டும் 85 பேர் இதனால் இறந்ததாகக் கணக்கு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2012க்குள் இந்தக் களிம்பைப் பொது விற்பனையிலிருந்து விலக்கியது. அமெரிக்கா 2019இல் சில்லறைக் கடைகளிலிருந்து எடுத்தது.

தாளால் உலரத் தேய்ப்பதும் ஆபத்தில்லாத வேலை அல்ல. பழைய சிவப்பு, மஞ்சள் நிறங்களில் ஈயம் இருக்கக்கூடும். இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் நிறுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. வாடகை சைக்கிள் கடைகள் ஓங்கி நடந்த காலத்தில் பிரேமுக்கு அடித்த நிறமெல்லாம் அதற்கு முந்தியது. தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது.

தமிழ்நாட்டில் அந்தக் கறுப்புக்கு அம்பத்தூர் முகவரி. பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் முருகப்பா குழுமமும் கூட்டாக 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், 1951இல் ஹெர்குலிஸ் வண்டிகளை வெளியே விட்டது. வாடகைக் கடைக்கு வந்தபின் அதே வண்டியின் மட்கார்டில் கடைப் பெயரும் எண்ணும் ஏறின. களவு போனால் அடையாளம் சொல்ல ஏதுவாக ஊதாவோ சிவப்போ மேலே விழுந்தது. அந்த நிறங்களும் ஒரு வரலாறுதான். தொட்டியில் முக்கினால் கடைப் பெயரும் சேர்ந்தே கரையும்.

அதனால் பழைய வண்டிகளைப் புதுப்பிக்கிறவர்களில் பலர் இப்போது எல்லாவற்றையும் உரிப்பதில்லை. துருவை எடுக்க ஆக்சாலிக் அமிலக் கரைசலில் ஊறவைக்கிறார்கள். துரு கரையும், பூச்சு பெரும்பாலும் தங்கும். மேலே அடித்த நிறத்தை மட்டும் எடுக்க மென்மையான கரைப்பானைப் பஞ்சில் தொட்டு, கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துவிட்டு, விரல் அகலம் விரல் அகலமாக நகர்கிறார்கள். ஒரு குழாய்க்கே ஒரு நாள் போகும். பச்சையும் சிவப்பும் பஞ்சோடு வந்துவிட, சூட்டறையில் வெந்த கறுப்பு அசையாமல் நிற்கும். கொஞ்சம் பொறுத்தால் அதன்மேல், ஓரிடத்தில் விட்டும் ஓரிடத்தில் தொட்டும், கையால் இழுத்த ஒரு தங்கக் கோடு.