மதராஸ் என்றொரு துணி



உலகத்தின் சில மூலைகளில் 'மதராஸ்' என்று சொன்னால் ஊர் நினைவுக்கு வராது; துணிதான் வரும். கரீபியன் கடலிலுள்ள மார்த்தினிக், குவாதலூப், செயின்ட் லூசியா, டொமினிக்கா தீவுகளில் திருநாளுக்குப் பெண்கள் உடுத்துவதும் தலையில் கட்டுவதும் மதராஸ். நாம் 1996இல் ஊரின் பெயரைச் சென்னை என்று மாற்றிக்கொண்டோம். அந்தத் துணிக்கு இன்னும் பழைய பெயர்தான்.

அது என்ன துணி? கட்டம் போட்ட மெல்லிய பருத்தித் துணி. நெய்வதற்கு முன்பே நூலுக்குச் சாயமேற்றி, பாவிலும் ஊடையிலும் நிறம் மாற்றிக் கொடுத்து நெய்வது. அதனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். நமக்கு இது புதிதல்ல. நம் கைலியும், தோள் துண்டும், தலையில் கட்டும் ரூமாலும் இதே குடும்பம்தான்.

ராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் இந்தத் துணி செய்யாத வேலை இல்லை. மூட்டை தூக்குகிறவருக்கு அது சும்மாடு. மீன் கூடை சுமக்கும் பெண்ணுக்கும் அதுவே. வெயிலுக்கு முண்டாசு, வியர்வைக்குத் துடைப்பு, எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் பறக்கும்போது மூக்குக்குத் திரை. இரவில் விரிப்பு, மழையில் கொங்காணி. உத்தரத்தில் கட்டினால் தூளி. பிறந்த குழந்தையைப் புதுத் துணியில் போடாமல் துவைத்துத் துவைத்து மிருதுவான பழைய கைலியில்தான் சுற்றுவார்கள். கிழிந்த பிறகு பெண்களின் மாதாந்திரத் துணி, அடுப்பில் பாத்திரம் இறக்கும் கரித்துணி, பட்டறையில் கிரீஸ் துடைக்கும் துணி. மெல்லிய பருத்திக்கு எடை கிடையாது, சீக்கிரம் காயும், மடித்தால் கைக்குள் அடங்கும். ஒரே ஒரு மாற்றுத்துணி வைத்திருப்பவனுக்கு இந்த மூன்று குணமும் வேண்டும்.

ஆனால் இந்தத் துணியின் வரலாறு என்று அச்சில் வருவது பெரும்பாலும் வணிகர்களின் வரலாறு, அல்லது நாகரிக உடையின் வரலாறு. உடலில் எந்த இடத்தில் யார் இதைப் போடலாம் என்று தீர்மானித்தவர்கள் யார்? இந்த நினைவுச் சொற்பொழிவில் நாம் கேட்க வருவது அதைத்தான்.

எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கெல்திரியா கோட்டையைக் கட்டியதே துணிக்காகத்தான். இன்றும் மலாய்க்காரர்கள் கட்டும் கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலிக்காட்' என்று பெயர். அந்தப் பெலிக்காட் நம் பழவேற்காடு. ஆங்கிலேயர் 1639இல் மதராசப்பட்டினத்தில் இடம் பிடித்ததற்கும் காரணம் துணி. மற்ற இடங்களைவிட இங்கே 20 சதவீதம் மலிவு என்று பிரான்சிஸ் டே எழுதினார். துணியை வெளுக்க ஆள் வேண்டும், வண்ணாரப்பேட்டை உண்டானது. நெய்ய ஆள் வேண்டும். 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட்டின் பெயரில் திருவொற்றியூரில் ஒரு நெசவுப் பேட்டை உண்டானது. காலெட் பேட்டைதான் இன்றைய காலடிப்பேட்டை. காலடி என்றதும் தெய்வத்தின் காலடியோ என்று தேடுகிறவர்கள் உண்டு. அது ஒரு துணி வியாபாரக் கம்பெனி அதிகாரியின் பெயர்.

வண்ணாரப்பேட்டையின் பெயரிலேயே ஒரு சாதி இருக்கிறது. உவர்மண்ணில் ஊறவைத்து, கல்லில் அடித்து, வெயிலில் பரப்பி, கஞ்சி போட்டுக் கொடுத்தவர்களின் உழைப்பில்தான் கம்பெனியின் துணி 'வெள்ளை' ஆனது. வெளுக்கிற வேலைக்குள்ளும் சாதி ஏணி உண்டு என்பதை மறக்கக் கூடாது. சேரிக்குத் துவைத்த புதிரை வண்ணாரைக் கண்ணில் பட்டாலே தீட்டு என்று சொன்ன ஊர் இது. நெசவும் அப்படித்தான். பறையர்களுக்குள் கோலியர் என்றொரு நெசவுப் பிரிவு இருந்ததை 1909இல் வெளியான தர்ஸ்டனின் தொகுதிகளில் பார்க்கலாம். நெசவு என்றாலே இன்னின்ன சாதி என்று வரிசையாகச் சொல்கிறவர்கள் கோலியர் பெயரைச் சொல்வது அரிது.

கப்பல் கரைக்கு வராது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செயற்கைத் துறைமுகம் அமையும்வரை, ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகள்தான் அலையைத் தாண்டிச் சிப்பத்தைக் கப்பலில் சேர்த்தன. சிப்பம் நனையாமல் போக வேண்டும் என்பதற்காகக் கழுத்தளவு நனைந்தவர்கள் நம் கரையின் மனிதர்கள்.

சிப்பம் எங்கே போனது? லண்டனுக்குப் போய், அங்கிருந்து பெரும்பகுதி மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போனது. அங்கே அது பணம். 18ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்க அடிமைகளுக்கு விலையாகக் கொடுக்கப்பட்ட சரக்குகளில் இந்தியப் பருத்தித் துணிக்கு முக்கிய இடம் உண்டு. இதைச் சொல்லும்போது நமக்குக் கொஞ்சம் கூசத்தான் செய்கிறது. நம் ஊர் நெசவாளி தறியில் உட்கார்ந்தபோது அந்தத் துணி ஒரு மனிதனின் விலையாகும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இடையில் நின்று லாபம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

துணி வாங்கியவர்கள் அதைச் சும்மா வைத்திருக்கவில்லை. நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் நம் கட்டம் போட்ட துணியை 'இஞ்சிரி' என்கிறார்கள். நெய்து வந்த துணியிலிருந்து சில நூல்களை மட்டும் கத்தியால் அறுத்து உருவி, அதற்குள் வேறொரு உருவத்தைக் கொண்டுவருகிறார்கள். அதற்கு 'பெலெத்தே பிட்டே', அதாவது அறுத்த நூல் துணி, என்று பெயர். குழந்தை பிறந்தாலும் அந்தத் துணி, பெரியவர் இறந்தால் அவர் கட்டிலை அலங்கரிக்கவும் அந்தத் துணி. நம் கையில் பிறந்த துணியை அவர்கள் தங்கள் குலத்துணி ஆக்கிக்கொண்டார்கள்.

அமெரிக்கக் கரையில் நடந்தது இன்னும் கூர்மையானது. 1786இல் லூசியானாவின் ஸ்பானிய ஆளுநர் எஸ்தெபான் மீரோ ஓர் ஆணை போட்டார்: கறுப்பினப் பெண்கள், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களாக இருந்தாலும், கூந்தலைக் காட்டக் கூடாது, இறகோ நகையோ தலையில் சூடக் கூடாது, துணியால் கட்டி மறைக்க வேண்டும். வெள்ளைக்காரிகளைவிட அழகாகத் தெரிகிறார்கள் என்பதுதான் உள்விவகாரம். அந்தப் பெண்கள் ஆணைக்குக் கீழ்ப்படிந்தார்கள், எப்படி என்றால், இருப்பதிலேயே பளிச்சென்ற மதராஸ் துணியை எடுத்து, உயர்த்தி, மடித்து, முடிச்சிட்டு, கிரீடம்போலக் கட்டினார்கள். கரீபியன் தீவுகளிலும் தலைத்துணி அப்படியே ஒரு மொழியாக வளர்ந்தது. முடிச்சின் முனைகளை எண்ணிப் பார்த்து, கல்யாணமானவளா, தனியாளா என்று சொல்வார்கள்; தீவுக்குத் தீவு கணக்கு மாறும்.

துணி போன கரையிலிருந்தே பிறகு மனிதர்களும் போனார்கள். 1853 மே மாதம் 'ஒரேலி' என்ற கப்பல் தமிழ்க் கரையின் ஒப்பந்தக் கூலிகளை மார்த்தினிக்கில் இறக்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப்பில் இறக்கியது. 1860 அக்டோபரில் 'ட்ரூரோ' சென்னையிலிருந்து நெட்டாலுக்குப் புறப்பட்டது. அதன் பயணிகள் பட்டியலில் பெயருக்கு அருகே சாதியும் எழுதப்பட்டிருக்கிறது. பறையர் என்ற குறிப்பு அதில் திரும்பத் திரும்ப வருகிறது. மார்த்தினிக்கில் கரையிறங்கிய நம் ஆட்கள் முன்பின் தெரியாத அந்த ஊரில் கறுப்பினப் பெண்களின் தலையில் தங்கள் ஊர்த் துணியைத்தான் பார்த்திருப்பார்கள்.

அங்கே தலையைக் கட்டச் சொன்னார்கள் என்றால், இங்கே தலையில் கட்டியதை அவிழ்க்கச் சொன்னார்கள். தோளில் கிடக்கும் துண்டு ஆதிக்க சாதிக்காரர் எதிரே வந்தால் கக்கத்துக்கோ இடுப்புக்கோ இறங்க வேண்டும். அதே முழத் துணிதான். தோளில் இருந்தால் மரியாதை, தலையில் இருந்தால் திமிர், இடுப்பில் இருந்தால் பணிவு. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது, சட்டையோ பனியனோ போடக் கூடாது, பெண்கள் ரவிக்கையோ மேல்துணியோ கொண்டு மார்பை மறைக்கக் கூடாது என்பவை அவற்றில் அடக்கம். 1931 சென்சஸ் ஆணையராக இருந்த ஹட்டன் தம் நூலில் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். மறுத்தவர்களின் குடிசைகள் எரிந்தன.

இதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, 1921 செப்டம்பர் 22 அன்று, மதுரையில் காந்தி மேலாடையைக் களைந்து முழங்கால் அளவு வேட்டிக்கு மாறினார். ஏழையின் உடை என்றார், நாடு வணங்கியது. அவர் விருப்பத்தோடு எடுத்துக்கொண்ட அதே அளவுத் துணியைத்தான் இராமநாதபுரத்தில் நம்மவர்கள்மேல் சட்டமாகப் போட்டார்கள். களைவதற்கு முதலில் ஒரு மேலாடை இருக்க வேண்டும். அதே 1921இல் பெரம்பூர்ப் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகளில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்து, புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் பற்றி எரிந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அம்பேத்கர் கோட்டு சூட்டோடு நின்றது ஏன் என்று இன்னமும் கேட்கிறவர்களுக்கு நாம் தனியாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இடையே ஒரு வேடிக்கை. 1958இல் மதராஸ் துணி அமெரிக்காவின் பெரிய துணிக்கடைக்குப் போய்ச் சட்டையாகத் தைக்கப்பட்டது. முதல் சலவையிலேயே சாயம் ஓடியது. வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். விளம்பரக்காரர்கள் சளைக்காமல், 'சாயம் போவது உறுதி' என்று அதையே பெருமையாக்கி விற்றுவிட்டார்கள். நம் வீடுகளில் புதுக் கைலியைத் தனி வாளியில் ஊறப்போடச் சொல்லும் பாட்டிகளுக்கு இந்த விளம்பர யுக்தி தெரியாமல் போனது.

1866இல் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்தியத் துணி வகைகளை 700 துண்டுகளாக வெட்டி 18 தொகுதிகளில் ஒட்டினார். இங்கிலாந்து ஆலைக்காரர்கள் பார்த்து அதேபோல் நெய்து இங்கேயே விற்பதற்காக. அப்படி 20 பிரதிகள் செய்யப்பட்டன. தலைப்பாகைத் துணி, இடுப்புத் துணி என்று வகை பிரித்து ஒட்டிய அந்தத் துண்டுகள் இன்றும் நிறம் மாறாமல் இருக்கின்றன. துறைமுகத்தில் மூட்டை சுமந்த நம் தாத்தாக்களின் துண்டு ஒன்றுகூட நம்மிடம் இல்லை. அவை தோளில் கிடந்து, சும்மாடாகி, தூளியாகி, பேரப்பிள்ளையின் மூத்திரத் துணியாகி, கரித்துணியாகி, கடைசியில் இழை இழையாக அடுப்படியிலேயே முடிந்துவிட்டன.