பி. இராமமூர்த்தி

பி. இராமமூர்த்தி (செப்டம்பர் 20, 1908 – டிசம்பர் 15, 1987) தமிழகப் பொதுவுடைமை இயக்கத் தலைவர்களுள் ஒருவரும் தொழிற்சங்கவாதியும் ஆவார். மதுரையிலிருந்து சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்.

காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பயின்ற இவர், 1930களில் காங்கிரசு சோசலிசக் கட்சியின் வழியே பொதுவுடைமை இயக்கத்தை அடைந்தார். சென்னைச் சதி வழக்கில் தண்டனை பெற்றார்.

மதுரையில்

ஹார்வி ஆலையால் மதுரை அக்காலத்தில் பஞ்சாலை நகரமாக விளங்கியது. ஆலைத் தொழிலாளரிடையே செங்கொடிச் சங்கம் வலுப்பெற்றிருந்த வேளையில் மதுரைச் சதி வழக்கு தொடரப்பட்டது. இராமமூர்த்தி, என். சங்கரய்யா உள்ளிட்டோர் சிறை வைக்கப்பட்டு, 1947 ஆகத்து 14 அன்று, விடுதலை நாளுக்கு முந்தைய மாலையில் விடுவிக்கப்பட்டனர். ஆயினும் புதிய அரசும் அவர்களை நெடுநாள் வெளியே விட்டுவைக்கவில்லை. 1949இல் சென்னை மாகாணத்தில் கட்சி தடை செய்யப்பட்டது.

1952 பொதுத்தேர்தலில் சிறையில் இருந்தவாறே மதுரை வடக்குத் தொகுதியில் போட்டியிட்டு வென்றார். வாக்குக் கேட்டு ஒரு தெருவுக்கேனும் செல்ல இயலாதவரை நகரம் தெரிவு செய்தது, அவரது பிற வெற்றிகளைவிடக் குறிப்பிடத்தக்கது. 375 இடங்களில் 152 மட்டுமே பெற்ற காங்கிரசுக்கு அச்சட்டமன்றத்தில் பெரும்பான்மை இல்லை. 1953இல் ஆந்திரம் பிரிந்தபின் இவர் எதிர்க்கட்சித் தலைவரானார்.

பிற்காலம்

1960–66, 1977–83 காலங்களில் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார். 1964இல் கட்சி பிளவுற்றபோது மார்க்சிஸ்ட் கட்சியின் முதல் அரசியல் தலைமைக்குழுவின் ஒன்பதின்மருள் ஒருவரானார். 1967இல் மதுரை மக்களவை உறுப்பினரானார். அப்பதவியில் இருக்கையிலேயே, 1970இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட இந்தியத் தொழிற்சங்க மையத்தின் (சி.ஐ.டி.யு.) முதல் பொதுச்செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், அதன் தலைவர் பி. டி. இரணதிவே.