ராத்திரி வண்டியை எங்கே அவிழ்க்கிறது? நாஞ்சில் நாட்டு வழியம்பலங்களின் கதை

இன்னைக்கு எபிசோடுக்கு விதை போட்டது ஒரு ஃபோன் கால்.

என் ஃப்ரெண்ட் ஒருத்தன், வடசேரிக்காரன், இப்போ ஜெர்மனியில வேலை. ஒரு மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்து, மனைவியோட பிரான்ஸ் வரைக்கும் கிளம்பியிருக்கான். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கு. “வீடே கூட வருது, அப்புறம் என்னடா கவலை?”ன்னு கேட்டேன். “வீடு வருது மக்கா, வாசல் வரலியே. பொழுது சாஞ்சா எங்க நிறுத்தறதுன்னுதான் பெரிய பாடா இருக்கு”ன்னான்.

அங்கே இதுக்குன்னே இடங்கள் உண்டு. ஜெர்மனியில ‘ஸ்டெல்பிளாட்ஸ்’, பிரான்ஸ்ல ‘ஏர்’ன்னு சொல்றாங்க. பல இடங்களை அந்தந்த ஊர் நிர்வாகமே நடத்துது. அவனுக்கு வேண்டியது என்னென்னன்னு கேட்டேன். மேடு பள்ளம் இல்லாத தரை, தண்ணீர், கழிவைக் கொட்ட ஒரு இடம், ராத்திரி ரெண்டு மணிக்கு யாரும் கதவைத் தட்டி “கிளம்பு”ன்னு சொல்லக்கூடாது. அவ்வளவுதான்.

இந்த நாலு விஷயத்தையும் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது எங்க ஊர்ப் பக்கம் ரோட்டோரம் நிக்கிற கல் மண்டபங்கள். வழியம்பலம்னு சொல்லுவோம். கன்னியாகுமரி மாவட்டத்துல பஸ்ல போறப்போ பார்த்திருப்பீங்க. நாலு பக்கமும் பெரும்பாலும் திறந்திருக்கும், கருங்கல் தூண், கல் பாவின தளம். இன்னைக்கு சிலது பஸ் ஸ்டாப், சிலதுல கடை, சிலதுல ஆடு.

ஒரு விஷயம் சொன்னா ஆச்சரியப்படுவீங்க. நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979-லதான். அதுவரைக்கும் நாஞ்சில் நாட்டுக்கு வந்ததும் போனதும் ரோடு வழியாத்தான். கிழக்கே ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டினா திருநெல்வேலிச் சீமை. மேற்கே தக்கலை, குழித்துறை வழியா திருவனந்தபுரம். நடுவுல கோட்டாறும் வடசேரியும். பஸ் வர்றதுக்கு முன்னாடி அந்த ரோட்டுல நெல்லும் உப்பும் கருப்பட்டியும் கருவாடும் போனது மாட்டு வண்டியிலயும் மனுஷத் தலையிலயும்தான். பாரம் ஏத்தின மாடு ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போயிடும்? சாயங்காலம் ஆனா அவிழ்த்துக் கட்டியே ஆகணும். வண்டிக்காரனுக்கு வண்டிதான் வீடு. கூண்டுக்குள்ள சரக்கு, வண்டிக்குக் கீழே சாக்கை விரிச்சா படுக்கை, மூணு கல்லைக் கூட்டினா அடுப்பு. மோட்டார்ஹோம் என்ன பெரிய மோட்டார்ஹோம்!

அம்பலத்துப் பக்கத்துல என்ன இருக்கும்னு கவனிங்க. ஒரு கிணறு. மாடு குடிக்க ஒரு கல்தொட்டி. அப்புறம் ஒரு சுமைதாங்கி: ரெண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வெச்சிருப்பாங்க. அந்தக் கல்லோட உயரம் எதுக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? தலைச்சுமடோட தனியா நடக்கிறவங்களுக்குச் சுமையை இறக்கக் கூட ஒரு கை வேணும். இறக்கிட்டா மறுபடி தூக்கிவிட இன்னொரு ஆள் வேணும். சுமைதாங்கி இருந்தா யார் தயவும் வேண்டாம், தலையைக் குனிஞ்சு சுமையைக் கல்லுக்கு மாத்திடலாம். வயித்துல பிள்ளையோட இறந்துபோன பெண்களோட நினைவா இதை நட்டு வைக்கிற வழக்கம் தமிழ்நாடு முழுக்க இருந்துச்சு. இறக்காமலே போன சுமைக்கு ஒரு கல். எனக்கு இந்த வழக்கத்தைப் பத்தி நினைச்சாலே தொண்டை அடைக்கும்.

சரி, இதெல்லாம் யார் கட்டினது? ராஜா, ராணி, கோயில், வியாபாரி, ஊர்ப் பணக்காரங்கன்னு பல பேர். 1689-ல இருந்து 1706 வரைக்கும் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலையும் சத்திரமும் போட்டதுக்கே பேர் போனவங்க. தெக்கே குமரிப் பக்கம் வர்ற பழைய ரோட்டை இன்னும் மங்கம்மாள் சாலைன்னு சொல்ற ஊர்கள் உண்டு. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிர்லயே அவங்க பேர்ல சத்திரம் இருக்கு.

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆவணம் தஞ்சாவூரோடது. 1801-ல மன்னர் இரண்டாம் சரபோஜி, ஆங்கிலேய ரெசிடென்ட் பெஞ்சமின் டாரினுக்கு ஒரு கடிதம் எழுதறார். சத்திரங்களை என் கையை விட்டு எடுத்துடாதீங்கன்னு கெஞ்சுற கடிதம். அதுல சத்திரம் எப்படி நடக்குதுன்னு விவரமா இருக்கு. பிராமணர்ல இருந்து பறையர் வரைக்கும் வழிப்போக்கர் எல்லாருக்கும் சோறு உண்டு. சமைச்ச சோறு வேண்டாம்னா அரிசியும் மளிகையும் வாங்கிக்கலாம். நடுராத்திரி மணி அடிச்சு, சாப்பிடாம விட்டுப்போனவங்களைக் கூப்பிடுவாங்க. நோயாளிக்கு மருத்துவம், பிரசவத்துக்கு வர்ற பெண்ணுக்குப் பராமரிப்பு. ராஜா தன் பெருமையைத் தானே எழுதறார்ங்கிறதை மறந்துடக்கூடாது. எல்லாரும் ஒரே பந்தியில உட்கார்ந்தாங்கன்னும் அவர் சொல்லலை. ஆனா அந்த நடுராத்திரி மணியை நம்பலாம்னு எனக்குத் தோணுது. பொய்யா ஒரு பெருமை எழுத நினைக்கிறவருக்கு அந்த மாதிரிச் சின்ன விவரம் வராது.

இப்போ திருவிதாங்கூருக்கு வாங்க. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்க அந்தப் பக்கம்தானே. இங்கேயும் தர்மத்துக்குக் குறைவில்லை. பத்மநாபபுரம் அரண்மனை போனவங்க அந்த நீளமான ஊட்டுப்புரையைப் பார்த்து வாயைப் பிளந்திருப்பீங்க. அந்த மாதிரி ஊட்டுப்புரைகளை அரசாங்கம் வழி நெடுக நடத்துச்சு, இலவசச் சாப்பாடு. யாருக்கு? பிராமணர்களுக்கு. லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மெட்டீர் 1871-ல திருவிதாங்கூரைப் பத்தி எழுதின புத்தகத்துக்கு ‘தர்ம பூமி’ன்னு அர்த்தம் வர்ற தலைப்பு வெச்சார். அந்த நாடு தனக்குத்தானே கொடுத்துக்கிட்ட பேர் அது. படிச்சா அந்தத் தலைப்பு எவ்வளவு குத்தலானதுன்னு புரியும்.

‘அம்பலம்’னா பொது இடம். இன்னைக்கும் ஒரு ரகசியம் வெளியே வந்தா “அம்பலமாயிடுச்சு”ன்னுதானே சொல்றோம்? ஆனா எல்லாரும் ஏறிப் படுக்கிற அம்பலமா அது இருந்துச்சா? கிணத்துல வாளியை விட முடியாதவங்களுக்கு, கோயிலைச் சுத்தின தெருவுல நடக்கவே முடியாதவங்களுக்கு, கல் தளம் இருந்து என்ன பிரயோஜனம்? அவங்க ராத்திரி மரத்தடியிலதான். ஆலய நுழைவுப் பிரகடனம் 1936 நவம்பர் 12. அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி, 1926-ல, வடசேரியில இருந்து கூப்பிடு தூரம்னே சொல்லலாம், சுசீந்திரத்துல கோயில் தெருவுல நடக்கிற உரிமைக்காகவே சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்துச்சு. நடக்க. தங்க இல்லை.

இந்த இடத்துல நான் சொல்ல வந்த பேர் அய்யா வைகுண்டர். 1809-ல சாமித்தோப்புல பிறந்தவர், 1851 வரைக்கும் வாழ்ந்தவர். அவர் வெட்ட வெச்ச முத்திரிக் கிணறுல எந்தச் சாதிக்காரங்களும் தண்ணி எடுக்கலாம், குளிக்கலாம். எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாங்க. அவர் வழியில வந்தவங்க ஊர் ஊரா எழுப்பின இடத்துக்குப் பேர் என்ன தெரியுமா? நிழல் தாங்கல். வழிபாட்டு இடம்தான். ஆனா கோயில்னு பேர் வைக்கலை. நிழல்ல தங்குற இடம்னு வெச்சாங்க. வழிப்போக்கனோட வார்த்தை அது. சுமைதாங்கி, நிழல் தாங்கல்... ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுச் சொல்லிப் பாருங்க. அம்பலத்துல இடம் கிடைக்காத ஜனங்க தங்களுக்குன்னு ஒரு தங்குமிடத்தைக் கட்டி, அதையே சாமி இருக்கிற இடம் ஆக்கிட்டாங்கன்னு நான் படிக்கிறேன். இது என் வாசிப்பு, வேற மாதிரி பார்க்கிறவங்களும் இருக்கலாம்.

அப்புறம் பஸ் வந்துச்சு, லாரி வந்துச்சு. ஒரே நாள்ல போய்த் திரும்ப முடிஞ்சதும் அம்பலத்துக்கு வேலை இல்லாம போச்சு. ரோட்டை அகலப்படுத்தினப்போ பல கல் மண்டபங்கள் போயிடுச்சு.

ஆனா வண்டியிலயே வாழ்ந்துக்கிட்டு வர்றவங்க போகலை. கார்த்திகை, மார்கழியில கன்னியாகுமரிக்கு வந்து பாருங்க. சபரிமலைக்குப் போற, போயிட்டு வர்ற பஸ்ஸும் வேனும் வரிசையா நிக்கும். ஆந்திரா, கர்நாடகா வண்டிகள். பஸ்ஸுக்குப் பின்னாடி கேஸ் அடுப்பு, ஒரு அண்டா சோறு, கம்பியில காயிற கறுப்பு வேட்டி. சீட்லயும் தரையிலயும் தூக்கம். அவங்களுக்கும் என் ஃப்ரெண்டுக்கு வேணுங்கிற அதே நாலுதான் வேணும். பக்கத்துல கேரளா 2021-ல கேரவன் சுற்றுலாவுக்குன்னு ஒரு கொள்கையே கொண்டு வந்து, கேரவன் பார்க்குகளுக்கு வழி பண்ணியிருக்கு. நல்லதுதான். ஆனா அந்தப் பார்க்குல இந்த அண்டாவை இறக்கிவைக்க விடுவாங்களாங்கிறது என் கேள்வி.

ஃப்ரெண்டுக்கு அன்னைக்கு ராத்திரி ஒரு சின்ன கிராமத்துல இடம் கிடைச்சிடுச்சு. சுடுகாட்டு மதிலுக்குப் பக்கத்துல. காசு போட்டா தண்ணி வர்ற மெஷின் ஒண்ணு இருந்துச்சாம். “கல்தொட்டி மாதிரியே இருக்கு மக்கா”ன்னு ஃபோட்டோ அனுப்பினான்.

உங்க ஊர்ல வழியம்பலமோ சுமைதாங்கியோ மிச்சம் இருந்தா நீங்களும் ஃபோட்டோ அனுப்புங்க. வீட்டுல பாட்டா, ஆச்சி இருந்தா அந்த இடத்துல யார் யார் படுத்தாங்க, யார் யார் வெளியே நின்னாங்கன்னு கேட்டு, அதையும் சேர்த்து எழுதுங்க.